திருக்கை முள்ளுக்கு ஒரு தெர்மோஸ் வெந்நீர்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "இந்தத் தடவை எந்தக் கடலுக்குப் போறோம்?" தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலை பழகிப் போன சங்கதி. மரம் அதைவிடப் பழகிப் போன சங்கதி. கடல் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கண் அகலும். ஈப்போவிலிருந்து லூமுட் எண்பது கிலோமீட்டர் சொச்சந்தான். இருந்தாலும் விடியற்காலையில் பஸ் ஏறி, புளிச்சோற்றுப் பொட்டலமும் தர்பூசணியும் மடியில் வைத்துக்கொண்டு போகிற அந்தப் பிரயாணம் பிள்ளைகளுக்கு வெளிநாடு போகிற மாதிரி.

அப்படி ஒரு பிரயாணத்தில் நடந்ததைத்தான் இம்மாதம் எழுதப் போகிறேன். அதில் நான் செய்த இரண்டு தவறுகளும் வரும். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவள் செய்த தவறுகள் என்பதால் எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரு பஸ் பேசிக்கொண்டு தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போயிருந்தோம். பால்மரத்தை வெட்டிச் சாய்த்து செம்பனை போட்ட பிறகு பாதிக் குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்குக் குடி போய்விட்டன. இந்த மாதிரிப் பயணத்தில்தான் பழைய லயத்துச் சொந்தம் மறுபடி ஒன்றுசேர்கிறது. நாங்கள் போய் இறங்கியபோது நீர் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து வெகுதூரம் முழங்கால் அளவுத் தண்ணீர். "ஆழமே இல்லை, ஆபத்து இல்லை" என்று தாய்மார்கள் நிம்மதியாகப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

என்னிடம் நான்காம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். ஓடியவன் திடீரென்று ஒற்றைக் காலில் நின்று அலறினான். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் கணுக்காலுக்குக் கீழே ஒரு கிழிசல். ரத்தம் வந்தது. ஆனால் அவன் அழுதது ரத்தத்தைப் பார்த்து அல்ல. "எரியுது டீச்சர், எலும்புக்குள்ள எரியுது" என்றான். முகம் வெளுத்துப் போய் வியர்த்துக் கொட்டியது.

உடனே நான் என் துண்டை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். விஷம் மேலே ஏறக்கூடாது என்ற நினைப்பு. அது முதல் தவறு. பிறகு பானம் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை அள்ளிக் காயத்தின்மேல் வைத்து அழுத்தினேன். அது இரண்டாவது. பையன் இன்னும் பெரிதாக அலறினான். கூட வந்த பாட்டி ஒருவர் தம் வெற்றிலைப் பையைத் திறந்து, "கொஞ்சம் சுண்ணாம்பு தடவுங்கம்மா, இழுத்துடும்" என்றார். இன்னொருவர், "வாயை வெச்சு உறிஞ்சித் துப்பணும்" என்றார். பஸ் டிரைவர் சொன்ன வைத்தியத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இந்தக் களேபரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் பலகாரக் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாள் ஒருவர் ஓடிவந்தார். காயத்தைப் பார்த்தார். "ஈக்கான் பாரி" என்றார். என் கையிலிருந்த ஐஸைத் தட்டிவிட்டார். "ஜாங்கான் ஆயிஸ், சிக்கு! ஆயிர் பானாஸ்! ஆயிர் பானாஸ்!" என்று தம் கடைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். தேநீருக்குக் காய்ந்துகொண்டிருந்த கெண்டியும் ஒரு வாளியும் வந்தன. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். குழந்தையைக் குளிப்பாட்டும்போது நாம் செய்வது போலத் தம் முழங்கையை விட்டுப் பார்த்தார். என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். நல்ல சூடு, ஆனால் பொறுக்கிற சூடு. துண்டை அவிழ்த்துவிட்டுப் பையனின் காலை மெதுவாக உள்ளே வைத்தார்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். அழுகை விம்மலாயிற்று, விம்மல் மூக்குறிஞ்சலாயிற்று. "டீச்சர், பந்து எங்கே?" என்றான். அவன் அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

மீன் முள் விஷத்தில் வேலை செய்வது பெரும்பாலும் புரதப் பொருள்கள். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதந்தான். சூடு பட்டதும் அது உருமாறிப் போவதை நாம் தினமும் சட்டியில் பார்க்கிறோம். மீன் விஷத்துக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. உடம்பு தாங்கக்கூடிய சூட்டிலேயே அது வலுவிழந்துவிடும். வலி நரம்புகளையும் அந்தச் சூடு அமைதிப்படுத்துகிறது என்கிறார்கள். ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் தோல் வெந்துவிடும். முப்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருக்கலாம். தண்ணீர் ஆற ஆற, காலை வெளியே எடுத்துவிட்டு வெந்நீர் சேர்த்து, மறுபடி கை வைத்துப் பார்த்து, பிறகு காலை விட வேண்டும். வெளியே எடுத்த பின் வலி திரும்பினால் மறுபடியும் வைக்கலாம்.

சூட்டைச் சோதிப்பவர் முள் குத்தாதவராக இருக்க வேண்டும். குத்துப்பட்டவனுக்கு வலியில் சூடு உறைக்காது. "இன்னும் சூடா ஊத்துங்க" என்றுதான் சொல்வான். அவன் பேச்சைக் கேட்டு ஊற்றினால் முள் காயத்தோடு வெந்த காயமும் சேர்ந்துகொள்ளும். சிறு பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

தெர்மோஸில் கொண்டுபோன வெந்நீர் சில மணி நேரம் கழிந்தாலும் நல்ல கொதிப்பாகவே இருக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய சரியான சூடு வரும். நம் பெரிய தெர்மோஸ் ஒன்று ஒரு பாதத்தை முக்கிவைக்கப் போதும். ஆனால் கணக்கை நம்பிக் காலை விடாதீர்கள். முதலில் கையை விடுங்கள்.

பையனை அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலி நின்றுவிட்டதே, வீட்டுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்லவேளை, அந்த மலாய்க்கார அம்மாள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே நகக்கண் அளவுக்கு முள் துணுக்கு ஒன்று ஒடிந்து கிடந்தது. அதை எடுத்து, காயத்தைக் கழுவி, தசைவிறைப்பு நோய் வராமல் இருக்க ஊசி போட்டார்கள். காயத்தை நெருக்கித் தைக்கவில்லை. இந்த மாதிரிக் காயத்தை மூடித் தைத்தால் உள்ளேயே சீழ் பிடிக்கும் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே சிவந்து கிடந்த துண்டின் தடத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் வேலை?" என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன், வகுப்பில் பிள்ளைகள் உயர்த்துவது போல. கட்டுப் போட்டால் விஷம் ஒரே இடத்தில் தேங்கும். ரத்த ஓட்டமும் நின்று சதைதான் கெடும் என்று பொறுமையாக விளக்கினார். நான் அப்படியே கேட்டுக்கொண்டேன்.

இனித் திருக்கையைப் பற்றிச் சொல்கிறேன். நமக்கு அது புதிய மீன் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாவைப் போலத் திருக்கையையும் புட்டு செய்து கொடுப்பவர்கள் நாம். அசாம் பெடாஸ் வைத்தால் ஒரு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கும். பேய் பிசாசை விரட்டத் திருக்கை வாலைக் கதவருகே மாட்டி வைத்த வீடுகளை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மலாய்க்காரர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. ஆக, வாலில் ஏதோ விஷயம் இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாலில் இருப்பது அரம் போன்ற பற்கள் கொண்ட முள். பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகையால் உள்ளே போகும்போது குத்தும், வெளியே வரும்போது கிழிக்கும். விஷம் ஊறும் சதை அந்த முள்ளை ஒட்டிய பள்ளங்களில், மெல்லிய தோல் உறைக்குள் இருக்கிறது. குத்தும்போது உறை கிழிந்து விஷம் காயத்தில் இறங்குகிறது.

திருக்கை நம்மைத் தேடி வந்து குத்துவதில்லை. மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற பிராணி அது. அதன் முதுகில் நாம் மிதித்தால் வாலைச் சுழற்றும். அதனால்தான் காயம் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் படுகிறது. வலி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஒன்றும் செய்யாமல் விட்டால் இரண்டு நாள்கூட நீடிக்கலாம். ஆனால் காலில் பட்ட குத்து உயிரை வாங்குவது மிக மிக அபூர்வம்.

ஆளைக் கொல்வது முள் குத்திய இடந்தான். முதலைகளோடு விளையாடித் தொலைக்காட்சியில் பேர் வாங்கிய ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வினை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2006 செப்டம்பர் 4ஆம் தேதி குயின்ஸ்லாந்துக் கடலில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது திருக்கையின் முள் அவர் நெஞ்சில் பாய்ந்து இறந்துபோனார். வயது 44. முள் நெஞ்சிலோ, வயிற்றிலோ, கழுத்திலோ பட்டால் வாளியும் வெந்நீரும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. குத்திய முள் அங்கேயே நின்றால் அதைப் பிடுங்கவும் கூடாது. அதுதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஆடாமல் அசையாமல் படுக்க வைத்து 999க்குப் போன் போடுங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 1608இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் வாளால் மீன் குத்திக்கொண்டிருந்தார். வாளிலிருந்து திருக்கையை எடுக்கும்போது அது அவர் மணிக்கட்டில் குத்திவிட்டது. கையும் தோளும் வீங்கிவிட்டன. பிழைக்க மாட்டார் என்று கூட வந்தவர்கள் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். அன்று இரவுக்குள் வலி தணிந்து, மனுஷர் அதே திருக்கையைச் சமைத்துச் சாப்பிட்டார்! அந்த இடத்துக்கு இன்றும் ஸ்டிங்ரே பாயின்ட் என்றுதான் பெயர். இந்தக் கதையைச் சொன்னபோது என் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அசாம் பெடாஸா, பொரியலா என்று ஒருவன் கேட்டான்.

கடலுக்கே போகாத வீட்டிலும் முள் குத்தும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். செம்பிலாங் மீனைத் தெரியுமல்லவா? வால் விலாங்கு போல நீண்டிருக்கும், மீசை வைத்த மீன். அதற்கு முதுகில் ஒரு முள்ளும், இரண்டு பக்கச் செதில்களிலும் ஒவ்வொன்றும், ஆக மூன்று முட்கள். மூன்றிலும் விஷம் உண்டு. பசாரில் விவரம் தெரிந்த மீன்காரர்கள் முள்ளை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். யாராவது தூண்டிலில் பிடித்து முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால், மீன் செத்துவிட்டதே என்று வெறுங்கையால் பிடிக்காதீர்கள். மீன் செத்தாலும் முள் சாகாது. முதலில் கத்தரிக்கோலால் மூன்றையும் வெட்டுங்கள். வெட்டிய முள்ளை அப்படியே பிளாஸ்டிக் பையில் போடாமல் பழைய டின்னில் போட்டு மூடி எறியுங்கள். குப்பை அள்ளுகிறவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான்.

இதன் சொந்தக்காரன்தான் நம் காட்டுக் கால்வாயில் கிடக்கும் கேலி மீன். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் அண்ணன்மார்கள் மழை விட்டதும் கால்வாயில் இறங்கிக் கேலி பிடிப்பார்கள். ஒருவர் கையில் குத்தினால் அவர் ஒரு பொழுது பூராவும் கையை உதறிக்கொண்டே திரிவார். அம்மா அடுப்பிலிருந்து சுடுநீர் கொண்டுவந்து கையை முக்கச் சொல்வார். இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு உறைக்கிறது: எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, சான்றிதழ் வாங்கிய எனக்குக் கடற்கரையில் நினைவுக்கு வரவில்லை.

பாறையோரமாகவும் பவளப் பாறைகளிலும் கிடக்கும் கல்மீன் இவற்றையெல்லாம்விடப் பொல்லாதது. மலாய்க்காரர் இந்த இனத்தை லேப்பு என்பார்கள். பாசி பிடித்த கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. முதுகில் பதின்மூன்று முட்கள்; மிதிக்கிற பாரத்தில் விஷப் பை அழுந்தி, ஊசி போடுவது போல விஷம் ஏறும். இதற்கும் முதல் உதவி வெந்நீர்தான். ஆனால் அதோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து ஆஸ்திரேலியாவில் 1959 முதல் தயாராகிறது. பங்கோர்த் தீவில் பாறைப் பக்கம் சுற்றுகிற இளைஞர்கள் மெல்லிய சிலிப்பரை நம்ப வேண்டாம். தடித்த அடிப்பாகமுள்ள சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "வினிகர் ஊற்ற வேண்டும் என்று எங்கோ கேட்டேனே?" என்று என் சக ஆசிரியை கேட்டார். வினிகர் மீன் முள்ளுக்கு அல்ல. மலாயில் ஒபோர்-ஒபோர் என்கிறோமே, அந்தச் சொறிமுட்டைக்கு. அதிலும் பெட்டி வடிவமான இனம் நம் கடலிலும் இருக்கிறது, உயிருக்கே ஆபத்தானது. சாட்டையால் அடித்தது போலத் தோலில் கோடு கோடாகத் தடம் விழும். அந்தத் தடத்தைத் தேய்க்காமல், பச்சைத் தண்ணீர் ஊற்றாமல், அரை நிமிடமாவது வினிகரைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அதற்குள் ஒருவர் 999க்கு அழைக்க வேண்டும். மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி மூச்சூட்டத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். குத்திய துளை என்றால் வெந்நீர், சாட்டைத் தடம் என்றால் வினிகர். வினிகர் பாட்டில் ஒன்றும் கூடையில் இருக்கட்டும்; என்ன விலை?

கடல் பாம்பு கதை வேறு. 1950களில் பினாங்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் அலிஸ்டர் ரீட் என்பவர் இருந்தார். வடமேற்கு மலாயாவின் மீனவக் கிராமங்களில் கடல் பாம்புக் கடியைப் பற்றி விசாரித்து, 1957இல் அதை வெளியிட்டார். வலையில் கை வைத்தவர்களும் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவர்களுந்தான் கடிபட்டவர்கள். இதில் ஏமாற்றுகிற விஷயம், கடித்த இடத்தில் வலியே இருக்காது. சற்று நேரம் கழித்து உடம்பெல்லாம் சதை வலி எடுக்கும், விறைக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். மீன் முள் கத்தவைக்கும். கடல் பாம்பு கத்தவைக்காது. தண்ணீரில் ஏதோ பட்டது, சிறு புள்ளி தெரிகிறது, வலி இல்லை என்றால், அந்த ஆளை நடக்கவிடாமல் அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலி இல்லாததைப் பற்றிச் சொன்னவுடன், அன்று எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை எழுதத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன்.

அவர் அந்தக் காலத்துப் பால் வெட்டுத் தொழிலாளி. பல வருடமாக இனிப்பு நீர். எல்லாரும் பையனைச் சுற்றி நின்றபோது அவரும் தண்ணீரிலிருந்து மெதுவாக ஏறி வந்து, பையன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். அவர் பாதத்தை யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. தூண்டில்காரர்கள் வேண்டாத கெளிற்று மீனைக் கரையிலேயே வீசிவிட்டுப் போவதுண்டு. செத்த கெளிற்றின் முதுகு முள் பூட்டுப் போட்டது போல நிமிர்ந்தே நிற்கும். அப்படி ஒன்றை அவர் மிதித்திருக்க வேண்டும். இனிப்பு நீரால் உணர்வு மரத்த பாதம், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மருமகள்தான் கவனித்தார், மாமனார் நடந்த இடத்தில் ஈரத் தடம் இருப்பதை. பாதம் வீங்கி, சிவந்து, காய்ச்சலும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் படுத்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அலறிய பையன் பத்து நாளில் பந்து விளையாடினான். ஒரு சத்தமும் போடாத தாத்தா ஒரு விரலை இழந்தார்.

கடல் தண்ணீரிலும் சேற்றிலும் சில கிருமிகள் உண்டு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும், குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும் ஒரு சின்னக் கீறல் வழியாகப் புகுந்து ஒரே நாளில் காலைக் கெடுக்கக்கூடிய கிருமிகளும் அவற்றில் இருக்கின்றன. நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத வீடு எது, விரல் விட்டு எண்ணுங்கள் பார்ப்போம். ஆகையால் கடலிலிருந்து ஏறியதும் பெரியவர்களின் பாதத்தை நல்ல தண்ணீரில் கழுவி, திருப்பி, விரலிடுக்குவரை ஒருவர் பார்க்க வேண்டும். அவர்கள் குனிந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் கண் தெரியாது. பேரப்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள்; சந்தோஷமாகச் செய்வார்கள். அப்படிப்பட்டவர்களின் காலை வெந்நீரில் வைப்பதிலும் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். வெந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

முள் குத்தாமலே தப்பிக்க ஓர் உபாயம் இருக்கிறது. காசு செலவில்லை. தண்ணீருக்குள் பாதத்தைத் தூக்கி வைத்து நடக்காமல், மணலைத் தேய்த்துக்கொண்டே இழுத்து இழுத்து நடக்க வேண்டும். மணல் அதிர்வதும், பாதம் பக்கவாட்டில் உரசுவதும் தெரிந்தவுடன் திருக்கை எழுந்து நீந்திப் போய்விடும். முதுகில் மிதித்தால்தானே அதற்குக் கோபம்? என் வகுப்பில் மேசைகளை ஒதுக்கிவிட்டு இதைப் பழக்கினேன். பிள்ளைகள் இதற்குத் "தாத்தா நடை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீருக்குள் ஓடுவது, கலங்கிய தண்ணீரில் குதிப்பது, இரண்டும் கூடாது. கையில் ஒரு குச்சி இருந்தால் முன்னே தட்டிக்கொண்டே போகலாம். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சின்ன மீன்கள் பந்து போல உருண்டு கூட்டமாகப் போவதைப் பார்த்தால் பிள்ளைகள் கையை விடுவார்கள். அவை செம்பிலாங் இனத்துக் குஞ்சுகள். அந்த வயதிலேயே முள் உண்டு.

கடலில் சப்பாத்தோடு இறங்குங்கள் என்று சொல்வது எளிது. ஆனால் மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? விரதமிருந்து, வெறுங்காலோடு கடலில் முழுகி எழுகிற கூட்டம். அவர்களுக்குத்தான் இந்தத் தாத்தா நடை உதவும். ஒரே இடத்தில் பலர் தண்ணீரைக் கலக்கும்போது திருக்கை தானாக விலகிவிடும். கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தனியாகப் போகிறவர்தான் பார்த்துப் போக வேண்டும்.

அந்தத் தாத்தாவைச் சென்ற வாரம் அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். தைப்பூசம் முடிந்ததும் பங்கோருக்குப் போக வேண்டும் என்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். மருமகள் ஒன்றும் சொல்லாமல் பசாரிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் சப்பாத்து வாங்கி வந்து அவர் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். "கோயில் வாசல் வரைக்கும் போட்டுக்கிறேன், டீச்சர். தண்ணியில எறங்கும்போது கழட்டிடுவேன்" என்றார் தாத்தா. பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான்காம் வகுப்பில் கணுக்காலில் முள் வாங்கியவனின் தம்பி அவன். "தாத்தாவுக்கு நான் நடை சொல்லிக் கொடுத்துட்டேன் டீச்சர். ஆனா அவரு ஏற்கனவே அப்படித்தான் நடக்கிறாரு" என்றான். தெர்மோஸ் யார் தூக்குவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.